ஊசியும் சொட்டு மருந்தும்

என் வலது கண்ணில் புரை எடுத்தபோது ஊசி போட்டார்கள். கண்ணுக்குக் கீழே குழியில் குத்தியது சுருக்கென்று வலித்தது. பிறகு ஒரு நர்ஸ், மருந்து பரவட்டும் என்று, மூடிய இமை மேல் பஞ்சை வைத்து உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மரத்து, அசையாமல், யாருடையதோ போலக் கிடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிரில் என் மனைவி நின்றாள்.

“இன்னா, இப்பிடி கறுத்துப் போயிட்ட?” என்றேன்.

“இப்பதான் ஒங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிதா?” என்றாள்.

இடது கண்ணில் புரை முற்றுவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தியாகதுருகத்தில் தனியாக பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு யார் என்று கேட்டார்கள். எங்கே போனாலும் இந்த ஒரு கேள்விதான். “பையன் கீழ டீ குடிச்சிக்கினு இருக்கான்” என்றேன். பையன் சென்னையில் இருந்தான். பக்கத்தில், கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றிக் குடும்பமே தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“ஊசி வேணாம், சொட்டு மருந்தே போதும். சாயந்தரமே வூட்டுக்குப் போலாம்” என்றார் டாக்டர்.

“எனக்கு ஊசியே போடுங்க” என்றேன்.

“எல்லாரும் ஊசின்னா பயப்படுறாங்க, நீங்க இன்னா கேட்டு வாங்குறீங்க?” என்று சிரித்தார். அந்த உள்ளங்கை வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொட்டு மருந்துதான் விட்டார்கள்.

சொட்டு மருந்தில் கண் மரக்கும். ஆனால் அசைவது நிற்காது, வெளிச்சமும் தெரியும். விளக்கையே பார்த்துக்கொண்டு கண்ணை ஆட்டாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. பேசினால் தலை ஆடும் என்பதால் பேசவும் கூடாது. அதற்காக ஒரு நர்ஸ் போர்வைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வலிச்சாலோ இருமல் வந்தாலோ கைய அழுத்துங்க. டாக்டர் நிறுத்திடுவாரு.”

வலி துளியும் இல்லை. நீலமும் சிவப்புமாக வெளிச்சம் கலைந்துகொண்டிருந்தது. காதோரம் தண்ணீர் சில்லென்று வழிந்தது. இந்தக் கண் தெளிந்ததும் யாரைப் பார்க்கப்போகிறது என்று தோன்றியது. தனியாக இருந்து பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவில்லை. என்னை அறியாமல் கையை அழுத்திவிட்டேன்.

டாக்டர் உடனே நிறுத்தினார். “வலிக்குதுங்களா? இருமல் வருதா?”

“இல்லைங்க.”

“அப்பறம் இன்னாத்துக்கு அழுத்துனீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

பேசக் கூடாது என்ற சட்டம் அந்த நேரத்தில் எனக்கு வசதியாகப் போயிற்று. விளக்கையே பார்த்தபடி படுத்திருந்தேன். நர்ஸின் கையை மட்டும் நான் விடவில்லை.