துளை விட்ட சுவர்

மகள் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டின் சமையலறைச் சுவரை அடைத்துத் தர நினைத்தேன். கூடாதாம். ஃபீஜித் தலைநகர் சுவாவின் இந்த அரசுக் குடியிருப்பு இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம். காற்று வருவதற்காக முஷ்டியளவு துளைகள் விட்ட கான்கிரீட் சுவர்தான் அதன் சிறப்பாம்.

மகள் கடுகு தாளித்தாள். அந்த வாசனையில் நான் இதே குடியிருப்பில் வளர்ந்த காலத்துக்குப் போய்விட்டேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வாரம் அது. கும்பல்கள் இந்தியர் வீடுகளைத் தேடிக் கல்லெறிந்தன. அப்பா துளைகளில் பழந்துணியைத் திணித்தார்.

"தாளிக்காத புள்ள. வாசமே நம்மளக் காட்டிக் குடுத்துரும்," என்றார் அம்மாவிடம்.

"பருப்ப வெறுமனே திம்பீங்களா?"

"திங்கறேன்."

ஒரு நாள் அம்மா பழக்கத்தில் கடுகைப் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் எங்கள் கதவில் கல் விழுந்தது. சுவரை அடைக்க அப்பா அனுமதி கேட்டார். கட்டடத்தின் அழகு கெட்டுவிடும் என்று மறுத்தார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கனடா போனார்கள். நாங்கள் துணியை மாற்றித் திணித்துக்கொண்டு இங்கேயே இருந்தோம்.

அந்த அழகைத்தான் இன்றும் பாதுகாக்கிறார்கள்.

"தாளிக்காதம்மா," என்றேன், என்னையறியாமல்.

"காஹே?" ஏன் என்று ஃபீஜி இந்தியில் கேட்டாள் மகள்.

துளைகளில் திணிக்க ஏதாவது துணி கிடைக்குமா என்று தேடினேன்.