நெடுமங்கல்யம்

பங்கஜாட்சி மைனி என் பெரியப்பா மகன் சுந்தரண்ணனின் பெண்சாதி. மைனி பிறந்த வீட்டில் பெண்கள் லேசில் சாவதில்லை. அவருடைய அம்மை, சித்தி விலாசினி, அம்மையைப் பெற்றவள், மூவருமே புருஷனை அனுப்பிவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தவர்கள். எங்கள் குடும்பத்து ஆண்களோ அறுபத்தைந்தைக் காண்பதே அபூர்வம். கல்யாணம் பேசியபோது இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. மைனியின் ஜாதகத்தில் நெடுமங்கல்யம் உண்டென்றார் ஜோசியர். தாலியோடு, புருஷனுக்கு முன்பே போவாள் என்று அர்த்தம். எல்லோருக்கும் சந்தோஷம்.

உதியன்குளங்கரையில் அண்ணனுக்குச் சிமெண்ட் கடை இருந்தது. கால்முட்டு தேய்ந்ததும் கடையை விற்றார். அந்தப் பணம் முழுவதையும் பென்ஷன் திட்டத்தில் போட ஏஜெண்ட் அஜீஷை வீட்டுக்கு வரவழைத்தார்.

“அண்ணா, ரெண்டு விதம் உண்டு. நீங்க இருக்கது வரைக்கும் மட்டுமுண்ணா மாசம் கூடுதல் கிட்டும். உங்களுக்குப் பொறவு அக்காவுக்கும் வேணுமுண்ணா கொஞ்சம் குறையும்.”

“எலே, இவ எனக்கு முன்ன போறவளாக்கும். ஜாதகம் உண்டு. இல்லாத பெண்ணுக்கு எதுக்குலே பென்ஷன்?”

அஜீஷ் அடுக்களைப் பக்கம் திரும்பினான். “அக்கா என்ன சொல்லுதிய?”

மைனி சாயாவை ஆற்றிக்கொண்டே நின்றார். “அவரு சொன்னது போலச் செய்யி மக்கா.”

மூன்றாம் வருடம் கர்க்கடக மாச மழையில், குளிமுறியில் வழுக்கி விழுந்த அண்ணன் எழவேயில்லை. பதினாறு கழிந்ததும் மைனி அஜீஷை வரச் சொன்னார்.

“அந்தப் பென்ஷன் அண்ணனோட தீர்ந்து அக்கா. போட்ட பணமும் திரும்ப வராது.”

“ஒண்ணுமே கிட்டாதா?”

“அண்ணைக்கே உங்க கிட்டயும் கேட்டேனே.”

“கேட்டே. நீருதான் மொதல்ல சாவீருண்ணு அவரு மொகத்தப் பாத்து நான் எப்பிடிலே சொல்லுவேன்?”

அஜீஷ் எழுந்தான். சாயாவும் குடிக்காமல் போனான்.

மகள் ஷிஜா காஞ்சிரங்குளத்தில், படுக்கையில் கிடக்கும் மாமியாரோடு ஒற்றை முறி வீட்டில். அங்கே போக வழியில்லை. பஞ்சாயத்து தரும் விதவை பென்ஷன் அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகும். எழுபது வயதில் மைனி தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு, தண்ணீர் ஓடும் தோட்டுக்கரை வெட்ட இறங்கினார்.

போன மாசம் வெயிலில் தலைசுற்றி விழுந்தவரை நான்தான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஹார்ட் நல்லா உண்டு அம்மே. இனியும் இருபது வருஷம் சுகமா இருக்கலாம்.”

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

“இருபதாமே,” என்றார். “நான் என்னத்தத் தின்னு இருக்க?”