இடப்பக்கக் கதவு

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நாங்கள் வான் வண்டி பூட்டினோம். கப்பலில் பெட்டி பெட்டியாகத் துண்டுகள் வரும். உடைத்து எடுத்துப் பொருத்தினால் வான். எனக்கும் கிண்ணியாக்காரன் ஒருவனுக்கும் கதவு வேலை. அவன் காலையில் பாதை என்கிற மிதவையில் துறையைக் கடந்து வருவான்.

கதவைத் தனி ஆளாக மாட்ட ஏலாது. அவன் முழங்காலில் தாங்கி, தோளால் அணைத்துப் பிடிப்பான். நான் உள்ளே குந்தியிருந்து பிணைச்சலுக்குப் போல்ட் போடுவேன்.

"கெதியாப் போடு மச்சான். என்ட மனுசியையே நான் இவ்வளவு நேரம் பிடிச்சதில்லை."

"அதுதான் அவ இன்னும் உன்னோட இருக்கிறா."

மாட்டியபின் சாத்திப் பார்ப்போம். ஒரே சத்தம் வரவேண்டும். இரண்டாகக் கேட்டால் திரும்பக் கழற்றுவோம்.

பிறகு ஆட்சி மாறியது. முழு வாகனங்களே கப்பலில் வந்து இறங்கின. பெட்டி வருவது நின்றது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கடைசி வானுக்கு இடப்பக்கக் கதவு மட்டும் மிச்சம். அதை மாட்ட விடவில்லை.

எனக்கு வீட்டில் ஆளில்லை. காவலுக்கு என்னை வைத்தார்கள். அவன் சவூதிக்கு வெளிக்கிட்டான்.

"நீயும் வா. இங்க என்னத்தப் பாத்துக்கொண்டு இருக்கப்போறாய்?"

"திரும்பத் திறப்பினம் எண்டு கதை."

அவன் சிரிக்கவில்லை. "சரி. அந்தக் கதவத் தொட்டிராத. வந்து நான்தான் பிடிப்பன்."

"ஓம்."

கொட்டகையைக் கூட்டுவேன். சுவரில் சாத்தியிருந்த கதவைத் துடைப்பேன். சில நாள் பின்னேரம் வரை என் குரல் எனக்கே கேட்காது. அப்போது வானின் வலப்பக்கக் கதவை ஒருமுறை சாத்துவேன். ஒரே சத்தம். கொட்டகை முழுக்கக் கேட்கும்.

வருஷங்கள் போயின. வானைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் உழவு இயந்திரத்தோடு வந்தார்.

"கதவ உள்ளுக்குப் போடுங்கோ தம்பி. உடைக்கிற சாமான்தானே."

போட்டேன். வானைக் கட்டி இழுத்துப் போனார்கள். இனித் திறக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகுதான் அவன் லீவில் வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். வந்ததும் சுவர்ப்பக்கம் பார்த்தான்.

"கதவு?"

"வானோட போயிட்டுது."

"ஆரு பிடிச்சது?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. மாட்டேல்லை."

வான் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தேத்தண்ணி ஊற்றினேன். கதிரை ஒன்றுதான் இருந்தது. அவனை இருக்கச் சொன்னேன். என்னை இருக்கச் சொன்னான். இருவரும் நின்றபடி குடித்தோம்.

பாதைக்கு நேரமாகிறது என்று போனான்.