ஐந்தாம் பந்தியும் என் மதிலும்

பெட்டிசம் எழுதும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: சந்தோஷமாக இருக்கும் மனிதர் எவரும் நம்மைத் தேடி வருவதில்லை. அலுவலக வாங்குப் பலகைகளில் காத்திருந்து கால் மரத்துப்போன வாசக அன்பர்களே, "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே வயதேறிய உங்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ? கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, அரச காரியாலயம் ஒன்றின் எதிரே வேப்பமர நிழலில் ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் இட்டு, தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. தமிழை அரச வர்த்தமானி அறிவித்தல்களிலும் பழைய பத்திரிகைகளிலும் கற்றேன். சிங்களத்தைச் சிலாபம் மீன் சந்தையில் கற்றேன். ஊரார் என்னை "மாஸ்டர்" என்று அழைக்கிறார்கள். நான் அதை ஒரு நாளும் மறுத்ததில்லை.

என் பெட்டிசங்களுக்கு ஐந்து பந்திகள், அதாவது ஐந்து பத்திகள். விண்ணப்பிப்பவர் யார் என்பது முதலாவது. குறை என்ன என்பது இரண்டாவது. இதுவரை என்ன முயற்சி செய்தார் என்பது மூன்றாவது. எந்த உரிமையின் பேரில் கேட்கிறார் என்பது நான்காவது. இந்நான்கையும் எவரும் எழுதுவர். ஐந்தாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இக்காரியத்தில் விண்ணப்பதாரர் தாம் செய்யப்போவது என்ன என்பதை அதில் எழுதுவேன். மக்களாட்சியில் விண்ணப்பம் என்பது இரந்து கேட்பதன்று. வீட்டுச் சொந்தக்காரர் தம் வீட்டு வேலையைப் பற்றி எழுதும் கடிதம். அப்படியானால் சொந்தக்காரருக்கும் அந்த வீட்டில் சிறிது வேலை இருக்கவேண்டும் அல்லவா? இந்த வாதத்தை நான் பலருக்கும் பெருமையோடு சொல்லி வந்தேன். இவ்வருடம் அது என் சொந்த மதிலிலேயே வந்து மோதியது. பாரிசவாதத்தில் விழுந்த ஒருவர் வைத்தியசாலைக்குப் போகும் வழி அந்த மதிலடியில் சிக்கிக் கிடந்தது. அதற்கு வருமுன் வேறு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

குப்பை மூலை

எங்கள் வீடுகளுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையின் தலைப்பில் சில்லறைக் கடை வைத்திருப்பவர் இஸ்மாயில் நானா. தில்லையடியிலிருந்து வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். குப்பை அள்ளும் டிரக்டர் வாரக்கணக்கில் வரவில்லை என்றும், கடையடியில் நாற்றம் தாங்கவில்லை என்றும் பெட்டிசம் எழுத வந்தார். நான்கு பந்திகளையும் எழுதி முடித்துவிட்டு, "நானா, அந்த மூலையில குவிஞ்சு கிடக்கிறது ஆரிட குப்பை?" என்று கேட்டேன். "ஊருட குப்பை" என்றார். "அந்த ஊரில உங்கட கடையும் இருக்கோ?" என்றேன். அவர் தலையை உயர்த்தி வேப்பமரத்தைச் சிறிது நேரம் ஆராய்ந்தார்.

பிறகு ஐந்தாம் பந்தியை எழுதினேன்: உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வேறுவேறாகக் கட்டுவோம், டிரக்டர் வரும் நாளில் மாத்திரம் வெளியே வைப்போம். என் வழக்கப்படி முழுவதையும் உரத்து வாசித்துக் காட்டினேன். ஒப்பம் வைத்துவிட்டு எழுந்தவர் சொன்னார்: "பொறத்தியாரப் பத்திச் சொல்லத்தான் நான் வந்த மாஸ்டர், நீங்க என்னையும் சேத்து மாட்டிட்டீங்களே!"

போடாமல் இருப்பதற்கும்

சந்தியாகு ஐயா எண்பதைத் தாண்டியவர். எத்தாளைப் பக்கத்துக் கடலை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். வாக்காளர் இடாப்பில் தம் பெயரைக் காணவில்லை என்று கோபத்தோடு வந்தார். விசாரித்ததில், கிராம சேவகர் கொடுத்த படிவம் அவர் வீட்டுக்கு ஒழுங்காக வந்திருந்தது. அவர் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அலுமாரியின் காலுக்கு அணை கொடுத்திருந்தார். அலுமாரி இப்போது ஆடுவதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

"கடைசியாக எப்ப ஐயா வாக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன். சென்ற முறை கடல் நல்லாயிருந்ததாம், தொழிலுக்குப் போய்விட்டாராம். அதற்கு முந்திய முறையும் நல்லாயிருந்ததாம். ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்: "தம்பி, போடாம விடுறது என்ட இஷ்டம். ஆனா பேர் இல்லாட்டி நான் எப்படிப் போடாம விடுறது?"

இரு பக்கமும் ஒரே கை

கோயில் திருநாளுக்கு ஒன்பது நாளும் ஒலிபெருக்கி கட்ட அனுமதி கேட்டு எங்கள் இளைஞர் கழகத்தார் ஒரு காலையில் வந்தனர். அவர்கள் எழுந்துபோன கதிரை ஆறுமுன், கோயிலுக்குப் பின்வீட்டுத் தாய் ஒருத்தி வந்து அதில் அமர்ந்தாள். மகளுக்கு உயர்தரப் பரீட்சை, ஒலிபெருக்கியைத் தடுக்கவேண்டும். ஒருவருக்கு எழுதியதை மற்றவரிடம் சொல்வதில்லை என்பது என் தொழில் நெறி. ஆகவே இருவருக்கும் மனச்சாட்சிப்படி எழுதினேன். கொண்டாடுவதும் உரிமை, படிப்பதும் உரிமை. நான்காம் பந்திகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஐந்தாம் பந்தி எழுதும் நேரம் வந்தபோது, செபம் முடிந்ததும் பெட்டிகளைக் கோயில் உட்பக்கம் திருப்பி வைப்போம் என்று இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். திருநாளன்று மாத்திரம் பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்புவேன், அன்று எனக்கு ஆட்சேபம் இல்லை என்று தாயும் சொல்லியிருந்தாள்.

இரண்டு கடிதங்களும் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னேரம் தேநீர் குடிக்க வெளியே வந்த எழுதுவினைஞர் என் மேசையடியில் நின்று சொன்னார்: "மாஸ்டர், ரெண்டு கடிதத்தின்ட அஞ்சாம் பந்தியையும் சேத்து வாசிச்சா, எங்களுக்கு உள்ளுக்கு ஒரு வேலையும் இல்லையே!"

கயிறு சரி

இனி என் மதில். என் காணிக்கும் ஒழுங்கைக்கும் இடையில் தகப்பனார் காலத்தில் பின்னிய தென்னங்கிடுகு வேலி இருந்தது. வருடந்தோறும் கிடுகு மாற்றிக் கை அலுத்து, ஆடுகள் மிளகாய்ப் பாத்திக்குள் புகுந்து மேய்வதைப் பார்த்து மனமும் அலுத்து, சீமெந்துக் கல்லில் மதில் கட்டத் தீர்மானித்தேன். காணி உறுதியை எடுத்து வாசித்தேன். நில அளவையாளரை அழைத்து எல்லைக் கல்லையும் கண்டுபிடித்தேன். அந்தக் கல் எங்கள் வேலிக்கு வெளியே மூன்றடி தள்ளி, ஒழுங்கை மணலுக்குள் புதைந்து கிடந்தது. அந்த மூன்றடியும் என்னுடையது; ஐயத்துக்கு இடமே இல்லை. தகப்பனார் ஏன் வேலியை உள்ளே தள்ளிப் போட்டார் என்பது உறுதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத ஒன்றை நான் வாசிக்கவும் இல்லை.

ஏழடியாக இருந்த ஒழுங்கை நான்கடியாயிற்று. மூன்று நாளில் மதில் எழும்பியது. பின்வீட்டுச் செலஸ்ரினா ஒழுங்கையில் கருவாடு காயப்போடும் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். மதில் கட்டிய மேசன் பாஸ் மாத்திரம் கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டே சொன்னார்: "கயிறு சரியாத்தான் பிடிச்சிருக்கிறம் மாஸ்டர். ஒழுங்கைதான் பிழைச்சுப் போச்சு."

கோடு போட்ட நான்காம் பந்தி

இவ்வருடம் செலஸ்ரினாவின் கணவர் மரியான் பாரிசவாதத்தில் விழுந்தார். கைகால் பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு நாள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முச்சக்கர வண்டி ஒழுங்கைக்குள் வராது. ஆகவே அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நான்கு பேர் பெரிய றோட்டு வரைக்கும் தூக்கிச் செல்வார்கள். இஸ்மாயில் நானா கடையை அப்படியே விட்டுவிட்டு கதிரையின் ஒரு காலைப் பிடிப்பார். ஒழுங்கை ஒடுங்கிய இடத்தில் நால்வரும் பக்கவாட்டில் நடக்கவேண்டும். என் மதிலில் அவர்களுடைய முழங்கைகள் உராயும். நானும் இரண்டொரு நாள் கதிரையைப் பிடித்தேன். பிடித்தபோதும் என் கண்ணில் பட்டது மரியானுடைய நோய்தான்; மதில் படவில்லை.

ஒரு திங்கட்கிழமை செலஸ்ரினா பஸ் ஏறி வந்து, என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னே மூன்று பேர். மூவரும் போகும்வரை நின்றுவிட்டுத்தான் கதிரையில் அமர்ந்தாள்.

"என்ன பிள்ளை, வீட்டில சொல்லியிருக்கலாமே?"

"வீட்டில வந்து சொன்னா அது அயலட்டைக் கதை, மாஸ்டர். இங்க வந்து சொன்னாத்தான் பெட்டிசம்."

வீட்டில் என்னை "அண்ணன்" என்று அழைப்பவள் அவள். நான் பேனாவைத் திறந்தேன். விண்ணப்பிப்பவர் பெயர் சொன்னாள். குறை சொன்னாள்: ஒழுங்கை நான்கடி, வண்டி வராது, மனிசனைக் கதிரையில் தூக்கவேண்டியிருக்கிறது, ஒரு நாள் மழையில் கால் சறுக்கிக் கதிரை சரிந்தது, அவர் மணலில் விழுந்தார். அந்தச் சறுக்கலை அதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. இதுவரை செய்த முயற்சி என்ன என்று கேட்டேன். "ஒண்டும் செய்யேல்ல. பொறுத்துக்கொண்டு இருந்தம். அதையே எழுதுங்க" என்றாள்.

"நாலாம் பந்தி. எந்த உரிமையில கேக்கிறாய்?"

"அதில ஒரு கோட்டைப் போட்டு விடுங்க, மாஸ்டர். நிலம் உங்கட. உறுதி இருக்கு, கல்லும் இருக்கு, எனக்குத் தெரியும். எங்களுக்கு உரிமை ஒண்டும் இல்லை."

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன். நான்காம் பந்தியில் கோடு போட்டது அன்றுதான் முதல் தடவை. உரிமை இல்லாத ஒருவர் கேட்கும் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்காது. ஆனால் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அது மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆருக்கு அனுப்பிறது?" என்று மெதுவாகக் கேட்டேன். "இந்தக் காரியத்துக்கு ஆர் அதிகாரியோ, அவருக்கு" என்றாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்; அதில் ஒழுங்கையார் எல்லோருடைய ஒப்பங்களும் இருந்தன. முதலாவது ஒப்பம் இஸ்மாயில் நானாவுடையது. அதன் கீழே சந்தியாகு ஐயா தம் பெயரை முழுவதுமாக எழுதியிருந்தார். இம்முறை எந்த இடாப்பிலும் விடுபடக்கூடாது என்பதைப்போல.

ஐந்தாம் பந்திக்கு வந்தேன். "நீங்கள் செய்யப்போறது என்னெண்டு எழுதவேணும், பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே தொழில்காரக் குரலாகக் கேட்டது. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "எங்கட பங்கு கதிரையைத் தூக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறம். அஞ்சாம் பந்தியை நீங்களே எழுதுங்க, அண்ணன்."

அதே கயிறு

அன்று பின்னேரம் அளவு நாடாவோடு ஒழுங்கையில் நின்றேன். மூன்றடி என்பது உறுதியில் ஒரு வரி. நிலத்தில் அது ஒரு கதிரையின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். தகப்பனார் அந்த மூன்றடியைத் தானம் பண்ணவும் இல்லை, இழக்கவும் இல்லை. சாகும்வரை அது அவருடையதாகவே இருந்தது. அவர் அதில் வேலி போடாமல் இருந்தார், அவ்வளவே. வாக்குப் போடாமல் விடுவதற்கும் பெயர் இருக்கவேண்டும் என்ற சந்தியாகு ஐயாவின் வாதம் எனக்கு அங்கே நின்றபோதுதான் முழுவதும் விளங்கியது. மதில் கட்டாமல் விடுவதற்கும் நிலம் என்னுடையதாக இருந்தால்தானே முடியும்? உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பாவிக்காமல் விடலாம் என்பது நான் படித்த எந்த வர்த்தமானியிலும் வரவில்லை.

அதே மேசன் பாஸ் வந்தார். அதே கயிற்றைத் தகப்பனாருடைய பழைய வேலிக் குழிகளின் மேலாகப் பிடித்தார். இடித்த கல்லையெல்லாம் ஒழுங்கையின் பள்ளங்களில் போட்டு இறுக்கினோம். அடுத்த வைத்தியசாலை நாளன்று முச்சக்கர வண்டி செலஸ்ரினாவின் வாசல்வரை வந்து நின்றது. ஒழுங்கையார் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். "இனி லொறிக்காரனும் உள்ளுக்கு வரப் பாப்பான் மாஸ்டர், அதுக்கும் ஒரு பெட்டிசம் ரெடி பண்ணி வைங்க" என்று இஸ்மாயில் நானா கடையிலிருந்து கத்தினார். மரியானை ஏற்றி இருத்தியபின், அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று எண்ணி, பதிலையும் ஆயத்தப்படுத்திக்கொண்டு குனிந்தேன். வாய் கோணியிருந்தாலும் சொல் தெளிவாகவே வந்தது: "கதிரையில போனா எல்லாரோடையும் கதைச்சுக்கொண்டு போவன் அண்ணன், இதுக்குள்ள இருந்தா ஒருத்தரையும் தெரியேல்ல."

நான் எழுதியவற்றுள் தபாலில் சேராமலே ஒரு வாரத்தில் நிறைவேறிய பெட்டிசம் அது ஒன்றுதான். எழுதியவனும் அதிகாரியும் ஒருவனாகவே இருந்தபடியால், முதல் நாளே ஏன் நிறைவேறவில்லை என்று கேட்டு எழுதுவதற்கு மாத்திரம் எனக்கு ஒரு விலாசம் கிடைக்கவில்லை.