கைக்கு ஏறாத வளையல்

மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகு என் இடக்கை வீங்கத் தொடங்கியது. கனடாவிலிருந்து மச்சாள் வீக்கம் வற்றுவதற்கு என்சைம் குளிசைகள் அனுப்பினாள். ஜெயபுரத்து வயலிலிருந்து வந்ததும் கணவர் எனக்குக் குளிசையும் தண்ணீரும் நீட்டுவார்.

“குறைஞ்சிருக்கோ?”

“ஓம், கொஞ்சம் வத்தியிருக்கு.”

அவர் முகம் தெளிவதைப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். கிளினிக் டொக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: “கைக்கடியிலை கமக்கட்டுக்குள்ளை இருந்த நெறிக்கட்டியளை எடுத்ததாலை நீர் வடிய வழியில்லை. இந்தக் குளிசைக்கு இது வத்தாது அம்மா.” நான் சட்டைக் கையின் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோயில் திருவிழாவுக்கு அவர் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்தார். “இப்ப கை வத்தீட்டுதுதானே, கொண்டா” என்று தானே போட்டுவிடப் பார்த்தார். வளையல் விரல்மொளியைத் தாண்டவில்லை. அவர் பார்வை பிரிந்த தையலில் நின்றது. நான் தலை குனிந்தேன்.

வளையல்களைத் திரும்பவும் கடதாசியில் சுற்றினார்.

“கடைக்காரன் அளவு மாறித் தந்திட்டான்” என்றார்.

அவரைத் தேற்ற நான் பொய் சொன்னேன். அன்று என்னைத் தேற்ற அவரும் பொய் சொன்னார். எங்களிடம் தேறுதலாகச் சொல்ல உண்மை எதுவும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.