தலை எண்ண வந்தவருக்கு ஆக்கிப் போட்ட அசனம்

எங்கள் சபையில் ஆள் குறைந்துகொண்டே போகிறது என்று கவலைப்படாத ஆண் கிடையாது. கமிட்டிக் கூட்டம் கூட்டிக் கவலைப்படுவார்கள். டீ குடித்துக்கொண்டே கவலைப்படுவார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்று இன்னொரு தடவை கவலைப்படுவார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். அதனால் சபையின் கவலை தினமும் காலையில் புனே கோர்படியில் எங்கள் வீட்டு ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் புரொட்டஸ்டன்ட்காரர்கள். தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். நான் கல்யாணமாகி புனேக்கு வந்த புதிதில், காலைத் தமிழ் ஆராதனைக்குப் பெரிய கோயிலில் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ரயில்வே காலனிக் குடும்பங்கள், ராணுவ அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள், டீச்சர்கள், நர்சுகள் என்று நிறைந்திருக்கும். பிறகு ஒவ்வொருவராக ஓய்வு பெற்று நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஃபிளாட் வாங்கி விஷ்ராந்த்வாடி, கோந்த்வா என்று சிதறினார்கள். ஊரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வருகிற பையன்கள் இரண்டு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு, டிரம்ஸும் கிட்டாரும் இருக்கிற புதுச் சபைகளுக்குப் போய்விடுகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞானஸ்நானத்தை விட அடக்க ஆராதனைதான் அதிகம் நடக்கிறது. ஆள் குறையக் குறைய, தமிழ் ஆராதனையைப் பெரிய கோயிலிலிருந்து பக்கத்து ஹாலுக்கு மாற்றினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹாலுக்குப் பின்னால் சமையலறை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். வாரா வாரம் ஆராதனை நடக்கும்போதே அங்கே நின்று எல்லாருக்கும் டீயும் சுண்டலும் போடுவது பெண்கள் நாங்கள்தான்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் குறைந்தது யார், குறையாமல் இருப்பது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மகனோடு வெளிநாட்டுக்குப் போக மாட்டேன் என்று நின்றவள், புருஷன் செத்த பிறகும் இரண்டு பஸ் மாறி வருகிறவள், முட்டி வலியோடு ஆட்டோ பிடித்து வருகிறவள், எல்லாரும் பெண்கள். கமிட்டியில் ஒரு பெண் கிடையாது.

எனக்கு அந்த ஆராதனை வேண்டும். காய்கறி வண்டிக்காரரிடம் மராத்தி, பேங்கில் இந்தி, மகளோடு பாதி இங்கிலீஷ். ஜெபம் மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். வாரத்தில் ஒரு மணி நேரம் நினைக்கிற மொழியிலேயே வாய் திறக்க எனக்கு இருக்கிற இடம் அந்த ஹால்தான்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் சபைகளையெல்லாம் மேலே இருந்து நிர்வகிக்கிற திருமண்டலம் ஒரு முடிவுக்கு வந்தது. ஆள் குறைவாக வருகிற ஆராதனைகளை மாதம் ஒரு தடவையாக்கிவிட்டு, மற்ற வாரங்களில் இங்கிலீஷ் ஆராதனையோடு சேர்த்துவிட வேண்டும். அதற்கு முன் ஓர் அதிகாரி நேரில் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார்.

என் வீட்டுக்காரர் கமிட்டிக் கூட்டத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமலே சொன்னார்.

"அன்னைக்கு அசனம் வச்சிருவோம்னு முடிவு பண்ணிட்டோம்."

அசனம் என்றால் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. ஊரில் கோயில் திருவிழாவுக்கு வைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, ரசம்.

"அவர் வாரது எண்ணுததுக்கா, சாப்பிடுததுக்கா?" என்று கேட்டேன்.

"பெரிய எடத்துல இருந்து வாராவ. வெறும் டீ பிஸ்கட்டா குடுத்து அனுப்ப முடியும்? அசனம்னா கூட்டமும் வரும்."

"யார் ஆக்குதது? கேட்டரிங்ல சொல்லிருங்க."

"கேட்டரிங்காரன் கறிக்குழம்புல கரம் மசாலாவ அள்ளிக் கொட்டுவான். பெண்கள் சங்கம் இருக்கப்போ எதுக்கு?"

நான் எவ்வளவோ சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் நாங்களும் உள்ளே உட்கார வேண்டாமா என்று கேட்டேன். "ரெண்டு பேரு அடுப்பப் பாத்துக்கிட்டா போதும்" என்று முடித்துவிட்டார். ஓர் அண்டா சோற்றையும் கறியையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்களாம். வாழ்நாளில் ஒரு நாள் அடுப்புப் பக்கம் வந்திருந்தால் அந்த வாய் அப்படிப் பேசாது.

என் மகள் கோந்த்வாவில் இருக்கிறாள். ஒரு ஹோட்டல் ஹாலில் நடக்கிற புதுச் சபைக்குப் போகிறாள். அவளிடம் போனில் கெஞ்சினேன். ஒரே ஒரு ஞாயிறு வா, தலைக்கணக்குக்காவது வா என்றேன். அவளும் வந்தாள். பட்டுச்சேலை கட்டி, அவள் சபையில் முழு உறுப்பினரான திடப்படுத்தல் ஆராதனைக்கு நான் வாங்கிக் கொடுத்த சின்னச் சிலுவைச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் வந்தது எனக்கு உடனே தெரியாது. விடிவதற்கு முன்பே நான் சமையலறைக்குள் போய்விட்டிருந்தேன். இரண்டு பேர் எங்கே, பெண்கள் சங்கம் முழுவதும் அங்கேதான் இருந்தது. தேங்காய் துருவ ஒருத்தி, இஞ்சி பூண்டு அரைக்க ஒருத்தி, அரிசி களைய, கறி கழுவ, வெங்காயம் உரிக்க. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி வருவதுதான் எங்கள் வழக்கம். வேலை நடக்கிற இடத்தில் சும்மா உட்கார எங்களில் யாருக்கும் தெரியாது. ஆண்களில் இளவட்டம் முழுவதும் வண்டிகளை ஒழுங்குபடுத்தவும் பந்தல் கட்டவும் வெளியே நின்றது.

மகள் ஹாலுக்குள் நுழையப் போன நேரத்தில் அவள் அப்பா வாசலில் நின்றிருக்கிறார். "நல்ல நேரத்துல வந்த. அம்மாவுக்குப் போயி ஒத்தாச பண்ணு" என்று கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றபோது இருந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

"மம்மி, நா சர்வீஸுக்கு வந்தேன். ஆனியன் கட் பண்ண வரல."

"நீ உள்ள போ. இங்க நிக்காத" என்றேன். அதற்குள் ஒரு அக்கா அவள் கையில் வெங்காயக் கூடையைக் கொடுத்துவிட்டாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பிள்ளை. பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் குழம்பை விட்டுவிட்டு நகர முடியவில்லை.

ஹாலில் முதல் பாட்டு ஆரம்பித்தது. நாங்களும் இந்தப் பக்கத்திலிருந்து பாடினோம். எப்போதும் அப்படித்தான். புத்தகம் வேண்டாம், எல்லாப் பாட்டும் மனப்பாடம். கரண்டியால் கிண்டிக்கொண்டே பாடுவோம். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது எழுந்து நிற்போம். அது எங்களுக்கும் ஆராதனைதான். சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எண்ண வந்தவர் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடிகிற நேரத்தில் விரலை அசைத்து அசைத்து எண்ணினாராம். என் வீட்டுக்காரரே வந்து சொன்னார். ஆராதனை முடிந்ததும் பந்தி போட்டோம். அந்த மனிதர் நன்றாகச் சாப்பிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டுச் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் வியர்வை ஒழுக, மஞ்சள் கறையோடு வரிசையாக நின்றோம். என் மகளும் நின்றாள். அவர் எங்கள் முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துக் கை தட்டினார். இங்கிலீஷில் பாராட்டினார். பக்கத்தில் நின்ற இவரிடம் திரும்பி, இவ்வளவு சின்னச் சபைக்குப் பாட்டுச் சத்தம் ரொம்ப நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்தப் பாட்டுச் சத்தம் யாருடையது ஐயா? சுவரா பாடியது? கண்ணுக்கு முன்னால் நிற்கிறோம், கையும் தட்டுகிறாய், எண்ணிக்கையில் சேர்க்க மட்டும் விரல் வரவில்லையா? இவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். "இவங்களும் ஆராதனைக்கு வந்தவங்கதான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதகரும் சொல்லவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவரைக் காருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. தமிழ் ஆராதனை இனி மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும். காரணமும் போட்டிருந்தது. வருகை குறைவு, வருகிறவர்களிலும் பெரும்பாலோர் வயதானவர்கள், வாலிபப் பெண்கள் யாரையும் காணவில்லை. போனில் வந்ததை இவர் வாசித்துக் காட்டினார். நான் டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

"வாலிபப் பெண்ணு யாரும் இல்லன்னு எழுதிருக்காவளே. ஒங்க மக எங்க இருந்தா அன்னைக்கு?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அவள அடுப்படிக்கு அனுப்புனது யாரு? அந்த மனுஷன்ட்ட எங்களயும் சேத்து எண்ணுங்கன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலியா?"

"அடுப்படில நிக்கவங்கள எண்ணுங்கன்னு எப்படிட்டி சொல்ல? நல்லாவா இருக்கும்?"

"சாப்பிடும்போது நல்லா இருந்துச்சுல்லா?"

அன்றே மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "மம்மி, எங்க சர்ச்ல ஒரு சண்டே நா போகலன்னா மண்டே ஃபோன் வரும். ஒடம்பு ஓகேவான்னு கேப்பாங்க. அங்க நா வந்ததே யாருக்கும் தெரியல" என்றாள். அந்தப் புதுச் சபையைப் பற்றி என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கிண்டல் ஒன்றுகூட அன்று வரவில்லை.

வாரா வாரம் நடப்பதில் கடைசி ஞாயிறும் நெருங்கியது. கமிட்டி கூடியது. இவர் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துச் சொன்னார். "கடைசி வாரம். நல்லபடியா ஒரு அசனம் வச்சு முடிச்சிருவோம்னு சொல்லுதாவ. சங்கத்துல சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன். சொன்னேன். ஒவ்வொருத்திக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஆக்கப் போவதில்லை, எல்லாரும் உள்ளே போய் உட்காருகிறோம், ஆரம்பிப்பதற்கு அரை மணி முன்பே. சில பேர் தயங்கினார்கள். "வாரவங்க பசியோட போவாங்களே" என்று ஒரு அக்கா அழவே அழுதுவிட்டாள். பசியோடு போனால் போகட்டும், நமக்குப் பசித்ததை யார் கேட்டார்கள் என்றேன். மகளையும் கூப்பிட்டேன். அன்றைக்கு அவள் சபையில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிற முறை அவளுடையதாம். வரவில்லை.

நாங்கள் போனபோது ஹாலில் நாற்காலிகள் போட்டு முடிந்திருந்தது. அதிகாரி எண்ணிய கணக்குக்குச் சரியாகப் போட்டிருந்தார்கள். மிச்ச நாற்காலிகளைப் பந்திக்காக வெளியே பந்தலில் அடுக்கியிருந்தார்கள். எங்களில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம் உட்காருவதுதான் முறை. இடது பக்கம் நிறைந்தது. பிறகு வந்த பெண்கள் கொஞ்சமும் யோசிக்காமல் வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதுவும் நிறைந்தது. கமிட்டிக்காரர்கள் வழக்கம்போல மணியடித்த பிறகு பேசிக்கொண்டே உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள்.

போதகர் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டே மேடைக்கு வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு விசேஷமா நிறையப் பேர் வந்திருக்கீங்க. வெளியூர்ல இருந்து வந்தவங்களும் இருக்கீங்களோ?"

ஆராதனைக்கு நடுவில் பெண்கள் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எழுந்து நின்றேன். "இல்ல ஐயா. எல்லா வாரமும் வாரவங்கதான்" என்றேன். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்தார். முதல் பாட்டைச் சொன்னார். நாங்கள் பாடினோம்.

அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த வாரம் ஹால் பூட்டித்தான் கிடந்தது, இன்றும் மாதம் ஒரு தடவைதான் திறக்கிறது. அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பந்தலில் காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஆண்கள் மூலைக் கடையில் வடாபாவ் வாங்கி, நின்றுகொண்டே தின்றார்கள். இவர் ஒன்றை எனக்கும் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். கொடுத்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டே முனகினார்.

"உள்ள ஒரு சேர் இல்ல, பாட்டு ஆரம்பிச்ச பெறவு வெளிய போயி எடுக்கவும் முடியல. முழுசும் பின்னாலயே நின்னேன். ஒருத்தி எந்திரிச்சு எடம் குடுக்கல. நான் ஒருத்தன் வந்தேனாங்கறதே யாருக்கும் தெரியல."

"உக்காந்திருக்கவங்களத்தான் எண்ணுவாவ" என்று சொல்லிவிட்டு, வடாபாவைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தேன்.