இல்லாத பிரேக்

சோறு தின்ன உட்கார்ந்தாலும் என் வலது கால் பிரேக் மிதிக்கிறது. தூக்கத்திலும் மிதிக்கிறதாம். மனைவி பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டுவிட்டாள். பாவம், விடிந்தால் அவளுக்குக் கொழுந்து பறிக்கப் போகணும்.

தேவாலா பக்கம் மினி பஸ் ஓட்டினேன். போன மழைக்காலத்தில் ஒரு இறக்கத்தில் பெடல் அடிவரை போனது, பிடிப்பே இல்லை. கியரைக் குறைத்து, வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்து, தேயிலைச் செடிக்குள் சொருகி நிறுத்தினேன். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. "ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்று ஊரே முதுகில் தட்டிக்கொடுத்தது. நானும் அதையேதான் சொன்னேன். வண்டி சரியாகி வந்த அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கால் வெடவெடவென்று நடுங்கியது. அதிலிருந்து ஷெட்டில் வண்டி கழுவுகிறேன். மாசக் கடைசிக்குள் ஓட்டாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கோ வேறு தொழில் தெரியாது.

காலில் கோளாறே இல்லை என்று எலும்பு டாக்டர் என்னை ஊட்டிக்கு அனுப்பினார், மனநல ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாவிடம். எனக்கு எரிச்சல். நடுங்குவது கால், இவர்கள் பார்ப்பது மண்டை. அந்த அம்மாவோ, "அன்னிக்கு நடந்ததைச் சொல்லும்போது உடம்புல எங்க இறுகுது?" என்றார். தொடையில் என்றேன். ஆபத்தைக் கவனிக்கும் மூளைப்பகுதிக்கு நாள் கிழமை தெரியாதாம். அது இன்னும் அந்த இறக்கத்திலேயே நிற்கிறதாம். புத்தி சொன்னால் கேட்காது, உடம்பு வழியாகத்தான் அதனிடம் பேசணும் என்றார். பிறகு செருப்பைக் கழற்றி, பாதத்தைச் சுவரில் வைத்து மெதுவாக அழுத்தச் சொன்னார். சுவர் தாங்குவதைக் கவனிக்கணுமாம். இதற்கா இத்தனை தூரம் வந்தேன் என்று நொந்துகொண்டேன். ஆனாலும் வீட்டில் தினமும் அழுத்தினேன். சுவரில் அழுக்குப் படிந்ததுதான் மிச்சம்.

அதே வழியில் பயணியாகப் போய் வாருங்கள் என்றார் அடுத்து. போன வாரம் போனேன். போதுமடா சாமி என்றிருந்தது. தற்காலிக டிரைவர் ஓட்ட, நான் முன்சீட்டில். கண்டக்டர், பிரேக் போன அன்று என்னோடு இருந்தவன்தான். அன்று மாலையே டீக்கடையில் அதைக் கதையாக்கிச் சிரிக்க வைத்தவன், ஒரு நாள்கூட லீவு போடாதவன். அவனைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கும்.

எந்த வளைவிலும் இடுப்பை சீட்டில் சாய்த்து நின்றே டிக்கெட் கிழிப்பான். கம்பியைப் பிடிப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். அந்த இறக்கம் வருவதற்குச் சற்று முன் அவன் பேச்சு நின்றது. டிக்கெட்டைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலை அகட்டி, மேட்டுப்பக்கம் சாய்ந்து நின்றான். தாண்டியதும் விட்டுவிட்டு, மீதி டிக்கெட்டைக் கிழித்தான்.

"ஏன்டா அங்க கம்பியப் புடிச்சே?"

"எங்கீங்ணா? நான் எங்க புடிச்சேன்?"

பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவே இல்லை.

"அந்த இறக்கத்துல. ரெண்டு கையாலயும்."

கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நமக்குத்தான் ஒண்ணும் ஆகலீங்களேண்ணா."

"ஆச்சுடா" என்றேன்.

இத்தனை மாதத்தில் அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தேன். முன்னாலிருந்த தகரத் தடுப்பில் என் கால் அழுந்திக் கிடந்தது. தகரம் தாங்கிக்கொண்டிருந்தது. கால் நடுங்கவில்லை.